உலு கெரோ காட்டு நடை: படமெல்லாம் இருட்டு, பச்சை, பனிமூட்டம். எங்கே தப்பு?

பீடோர் பையன் எழுதியது:

வணக்கம். மலேசியா, பேராக்கில் பீடோர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து நாலு பேர் சேர்ந்து இந்த மாதக் கடைசி ஞாயிறு கோப்பெங் வழியாக உலு கெரோ போகிறோம். வழிகாட்டி பேசியாகிவிட்டது. காலையில் நடை, சுமார் நாலு மணி நேரம். ரஃப்லேசியா என்ற பெரிய காட்டுப் பூவின் மொட்டு ஒன்று விரியும் நிலையில் இருக்கிறதாம். ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சியும் பார்க்கலாம் என்றார்கள்.

கையில் இருப்பது ஏபிஎஸ்-சி கேமரா, 18-55 லென்ஸ், 55-250 லென்ஸ், சாதாரண முக்காலி, ஒரு ஹேண்ட்போன். ஃப்ளாஷ் இல்லை, தேவையென்றால் வாங்கலாம்.

போன தடவை தாப்பா மலைச் சாலையோரக் காட்டில் எடுத்த படங்களில் மூன்று குறை. ஒன்று, எல்லாம் ஆட்டம், பாதி இருட்டு. இரண்டு, இலை மட்டுமல்ல, ஆள் முகமும் பச்சை. மூன்று, முதல் முக்கால் மணி நேரப் படங்களில் வெள்ளையாகப் பனி மூடியது போல் இருக்கிறது. கேமராவைக் கடையில் காட்டினேன், கோளாறு எதுவும் இல்லை என்றார்கள். ஆட்டோவில்தான் எடுத்தேன்.

புது லென்ஸ் வாங்காமல் எதைச் சரி செய்யலாம்? எண்ணோடு சொன்னால் உதவியாக இருக்கும். "வெளிச்சத்தைப் புரிந்துகொள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் அண்ணன்மார்களே.

---

சிலிம் ரிவர் அண்ணன் எழுதியது:

தம்பி, எண்ணோடவே சொல்றேன்.

நம் காட்டுத் தரையில் விழுவது மேலே அடிக்கும் வெயிலில் நூற்றில் ஒன்று அல்லது இரண்டு பங்குதான். கண் பழகிவிடுவதால் நமக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். வெட்ட வெயிலில், தோட்டத்து மண்சாலையில், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப்/5.6 (லென்ஸ் துவார அளவு) வைத்தால் 1/1000 நொடி (ஒளி விழும் நேரம்) கிடைக்கும். அதே கணக்கு காட்டுக்குள் 1/8, நல்ல இடமாக இருந்தால் 1/15. கையில் பிடித்து 1/8இல் எடுத்தால் ஆடாமல் என்ன செய்யும்? 1/125 வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 1600. 1/250 வேண்டுமென்றால் 3200. பறவை, குரங்கு என்றால் 3200க்குக் கீழே யோசிக்கவே வேண்டாம், 6400 வரை போங்கள். பொட்டுப் பொட்டாக இரைச்சல் விழுந்த படத்தைப் பிறகு துடைக்கலாம். ஆடிய படம் ஆடியதுதான்.

ஆட்டோ என்ன செய்கிறது தெரியுமா? முதலில் நொடியை நீட்டும், அதற்குப் பிறகுதான் ஐஎஸ்ஓவை ஏற்றும். அதனால் கேமராவை எம் (மேனுவல்) நிலையில் வைத்து, நொடியும் எஃப் எண்ணும் நீங்கள் பிடியுங்கள், ஐஎஸ்ஓ மட்டும் ஆட்டோ, உச்சவரம்பு 6400. இந்த ஒரு மாற்றத்திலேயே முதல் குறையில் பாதிக்கு மேல் போய்விடும்.

250 மி.மீ. முனையில், லென்ஸின் ஆட்டம் தடுக்கும் உறுதிப்படுத்தி ஓடிக்கொண்டிருந்தால், அசையாத உயிருக்கு 1/125 போதும். ஆனால் அது உங்கள் கை ஆட்டத்தைத்தான் பிடிக்கும், பறவை தலை திருப்புவதைப் பிடிக்காது. எனவே பறவைக்கு 1/250 வைத்து, மூன்று நான்காகத் தொடர்ந்து அடியுங்கள். நடுவில் ஒன்று கூர்மையாக விழும். பறப்பதற்கு 1/1000க்குக் குறையக் கூடாது, அது ஆற்றோரத் திறந்த வெளியில்தான் நடக்கும்.

குவியம் எங்கே போய் உட்காருகிறது என்று பாருங்கள். முன்னால் தொங்கும் கொடியில், பிரம்பு இலையில் போய் ஒட்டிக்கொள்ளும். அகலப் பரப்புக் குவியத்தை அணைத்துவிட்டு ஒற்றைப் புள்ளி, இருப்பதிலேயே சிறியது. புள்ளி கண்ணில் இருக்கட்டும்.

மேலே கிளையில் இருக்கும் இருவாச்சி, லோத்தோங் குரங்கு எல்லாம் வெள்ளை வானத்துக்கு எதிரே கரிக்கட்டையாக விழும். ஒளி ஈட்டை (கேமரா தானாகக் கணக்கிடும் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் எண்) +1.3 முதல் +2 வரை ஏற்றுங்கள். வானம் வெளுத்துப் போகும், போகட்டும். காட்டுக்குள் திட்டுத் திட்டாக வெயில் விழும் இடத்தில் இதற்கு நேர்மாறு: வெயில்பட்ட இலைக்கும் பக்கத்து நிழலுக்கும் ஆறு ஏழு படி (ஒரு படி என்றால் இரண்டு மடங்கு) வித்தியாசம், ஒரே படத்தில் இரண்டையும் நன்றாகக் காட்டுவது கடினம். வெயில் திட்டு சட்டத்துக்குள் வராமல் நகர்ந்து நில்லுங்கள், இல்லையென்றால் மேகம் மூடும்வரை பொறுங்கள். செடி கொடிக்கு மந்தாரமான வானம்தான் பொன்.

இன்னொன்றையும் முன்பே சொல்லிவிடுகிறேன், அங்கே போய் மனம் நோகாதீர்கள். கொம்பு இருவாச்சி அலகு முதல் வால்வரை ஒரு மீட்டர் நீளம் என்று வையுங்கள். 40 மீட்டர் தூரத்து மரத்தில் இருந்தால், 250 மி.மீ. லென்ஸில் அது சட்டத்தின் அகலத்தில் கால்வாசிக்குச் சற்று மேல்தான் வரும். 15 மீட்டரில் இருக்கும் கையளவுக் குருவி ஒன்பதில் ஒரு பங்கு. அதனால் முகத்தைப் பிடிக்கப் போராடாமல் மரம், கொடி, பனி எல்லாம் சேர்ந்த படமாக எடுங்கள். பறவை சின்னதாக இருந்தாலும் அது காட்டுப் படம்.

பச்சை முகத்துக்கு மருந்து: மேலே இருக்கும் கூரையே பச்சைக் கண்ணாடி, வெளிச்சம் அதில் வடிகட்டித்தான் வருகிறது. ரா கோப்பில் (கேமரா திருத்தாத மூலப் படம்) எடுங்கள். நடை தொடங்கும்போது ஒரு தடவை, பிறகு வெளிச்சம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு தடவை, சாம்பல் அட்டையை இலைக்கூரையின் கீழே பிடித்து ஒரு படம். அட்டை இல்லையென்றால் வெள்ளைத் தாள் பரவாயில்லை, வெளுத்துப் போகாமல் எடுக்க வேண்டும். வீட்டில் அந்தப் படத்தில் வெண்சமநிலையை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறத் திருத்தம்) சொடுக்கி மற்றதற்கெல்லாம் நகலெடுங்கள். முழுவதையும் நீக்கிவிடாதீர்கள், கொஞ்சம் பச்சை இருந்தால்தான் காடு.

---

தாப்பா அக்கா எழுதியது:

மூன்றாவது குறைக்கு மட்டும் வர்றேன் தம்பி. கேமராவில் கோளாறு இல்லை, காடியின் ஏசியில்தான் கோளாறு.

ஏசியில் ஒரு மணி நேரம் கிடந்த லென்ஸ் 20 டிகிரிக்குக் குளிர்ந்திருக்கும். காட்டுக் காற்றில் அவ்வளவு ஈரம், 23, 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மேலும் தண்ணீராகப் படியும். ஐஸ் தண்ணீர் கிளாஸ் வேர்ப்பது போலத்தான். வெளிக் கண்ணாடியைத் துடைத்துவிடலாம், உள்ளே படிந்ததைத் துடைக்க முடியாது. உங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனதற்குக் காரணம் அதுதான்.

செய்ய வேண்டியது: கேமராப் பையைப் பயணிகள் இருக்கும் இடத்தில் வைக்காதீர்கள், பின்பூட்டில் வையுங்கள். ஏசி நேரடியாகப் படாது. கோப்பெங் தாண்டியதும் ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்குங்கள், மீதிச் சாலை குறுகல், மெதுவாகத்தான் போவீர்கள், அந்த அரைமணி போதும். அதையும் மீறிக் குளிர்ந்திருந்தால் கேமராவை ஜிப்லாக் பிளாஸ்டிக் பைக்குள் காற்றை வெளியேற்றிப் போட்டு 30 நிமிடம் வெளியே வையுங்கள். தண்ணீர் பையின்மேல் படியும், லென்ஸில் படியாது. பையைத் தொட்டுப் பார்த்துக் குளிர்ச்சி போன பிறகு திறங்கள்.

மூட்டம் இருக்கும்போது லென்ஸ் மாற்றவே கூடாது. ஈரக் காற்று உள்ளே போய் உணரியின் (சென்சார்) மேல் படிந்தால், காய்ந்த பிறகு வட்ட வட்டமாகக் கறை நிற்கும். எந்த லென்ஸ் முதலில் வேண்டும் என்பதை வீட்டிலேயே முடிவு செய்து மாட்டிக்கொண்டு போங்கள்.

மழை. மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதமும் அக்டோபர், நவம்பர் மாதமும் பிற்பகலில் இடியோடு கொட்டும். மற்ற மாதத்திலும் பேராக்கில் மழையை நம்ப முடியாது. ஏழரைக்கு நடக்கத் தொடங்கிப் பன்னிரண்டுக்குள் திரும்பி வருகிற மாதிரி வையுங்கள். கேமராவுக்குத் தனி மழை உறை வாங்க வேண்டாம், கனமான பிளாஸ்டிக் பையில் லென்ஸ் முனைக்கு ஓட்டை வெட்டி ரப்பர் வளையம் போட்டால் தீர்ந்தது. லென்ஸ் மூக்குக் கவசத்தை மாட்டியே வையுங்கள், மரத்திலிருந்து சொட்டுவதில் பாதியை அது தடுக்கும். மெல்லிய துணி மூன்று கொண்டுபோங்கள், ஒவ்வொன்றையும் தனிப் பையில். ஒரு துணி முதல் அரைமணியில் நனைந்து, பிறகு துடைக்கத் துடைக்கக் கறைதான்.

வீடு திரும்பியதும் அசதியில் அப்படியே பையை மூலையில் போடுவீர்கள். அங்கேதான் லென்ஸ் பூஞ்சை பிடிக்கிறது. ஈரப்பதம் 60, 70 விழுக்காட்டுக்கு மேல் நின்றாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம், நம் வீடுகளில் அது எப்போதும் நிற்கும். பூஞ்சை வேர்விட்ட இடத்தில் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும், கழுவினாலும் தழும்பு போகாது. மின்சார உலர்பெட்டி இல்லையென்றால், காற்றுப் புகாத பெரிய சாப்பாட்டு டப்பா ஒன்று, சிலிக்கா ஜெல் 200 முதல் 300 கிராம், சின்ன ஈரப்பதமானி ஒன்று. முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்க வேண்டும். 30க்குக் கீழே போகவிடாதீர்கள், ரப்பரும் உள்ளிருக்கும் எண்ணெயும் காயும். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானால், நீலம் ரோஸானால், ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். அடுப்புப் பெட்டியில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம், அல்லது சட்டியில் சிறுதீயில் நிறம் திரும்பும்வரை கிளறுங்கள். சமைக்கும் சட்டி வேண்டாம், வேறு சட்டி.

யாராவது அரிசிக்குள் போடச் சொல்வார்கள். அரிசி ஈரத்தை இழுப்பதும் மெதுவு, மாவுத் தூசி இடுக்கெல்லாம் ஏறும். அரிசியைப் பொங்கலுக்கு வையுங்கள்.

---

பீடோர் பையன் எழுதியது:

அக்கா, அண்ணே, நன்றி. பின்பூட்டு விஷயம் யாருமே சொன்னதில்லை. இரண்டு கேள்வி. ரஃப்லேசியாவை எடுக்கத் தனி முறை உண்டா? பூச்சி, காளான் போன்ற சின்னதை என் லென்ஸ்களை வைத்து எடுக்க முடியுமா? 55-250இல் 85 செ.மீ.க்குக் கிட்டே போனால் குவியவில்லை.

---

கொடிக்காரன் எழுதியது:

ரஃப்லேசியாவுக்கு முறை உண்டு, அதில் பாதி கேமராவைத் தொடாத முறை.

உலு கெரோவில் இருப்பது ரஃப்லேசியா கேன்ட்லியை. தனக்கென்று இலை, தண்டு, வேர் எதுவும் இல்லாத ஒட்டுண்ணி, திராட்சைக் குடும்பத்து டெட்ராஸ்டிக்மா கொடிக்குள் வாழ்கிறது. மொட்டு முதிர ஒன்பது மாதம் போல ஆகும், பூத்தால் ஒரு வாரம்கூட நிற்காது. தரையில் காயாத மண்கட்டி போல, பழுப்பு முட்டைக்கோஸ் போல கிடப்பது இன்னும் பிஞ்சு. பூவைப் பார்த்த மகிழ்ச்சியில் பக்கவாட்டில் ஓர் அடி எடுத்து வைப்பவர் மிதிப்பது அந்தப் பிஞ்சைத்தான், அல்லது கொடியை. எனவே செமாய் (அங்குள்ள பூர்வகுடி) வழிகாட்டி நிற்கச் சொன்ன இடத்தில் நில்லுங்கள், முக்காலிக் காலை எங்கே ஊன்றலாம் என்று அவரிடம் கேட்டுவிட்டு ஊன்றுங்கள்.

அவரிடம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: விரிந்து எத்தனை நாள்? முதல் மூன்று நாள் செங்கல் சிவப்பு பளிச்சென்று இருக்கும். அதற்குப் பிறகு ஓரம் கருக்கும், வாரக் கடைசியில் கருத்த கூழ். மொட்டு நாள்காட்டி பார்த்து விரிவதில்லை, சனிக்கிழமை இரவு ஒரு தடவை அழைத்துக் கேட்டுவிடுங்கள்.

படம்: 18-55ஐ 24 அல்லது 28இல் வையுங்கள். எஃப்/8 முதல் 11, ஐஎஸ்ஓ 400, முக்காலி, இரண்டு நொடி தாமதம். நொடி 1/8 போலவோ அதைவிட நீண்டோ வரும், பூ ஆடாது, கவலையில்லை. முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். சருகுத் தரை மெத்தை மாதிரி, ஒவ்வொரு காலையும் மண் தட்டும்வரை அழுத்துங்கள். பக்கத்தில் யாரும் நடக்க வேண்டாம், நடந்தால் தரையே ஆடும்.

இங்கே எல்லோரும் சறுக்கும் இடம் சிவப்பு. சாதாரண ஒளிவரைபடம் (ஹிஸ்டோகிராம்) சரியாகத்தான் இருக்கிறது என்று காட்டும், சிவப்பு மட்டும் தனியாக வழிந்து போயிருக்கும். வீட்டில் பார்த்தால் இதழ் முழுக்க ஒரே சிவப்புச் சாயம், அந்தச் சொரசொரப்பும் வெளிர் மருக்களும் காணாமல் போயிருக்கும். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் வரைபடத்தைத் திறந்து வைத்து, சிவப்பு வலப்பக்கச் சுவரில் முட்டாத அளவுக்கு ஒளி ஈட்டை இறக்குங்கள். -0.7 என்று தொடங்குங்கள். நடுக்குழிக்குள் முள் முள்ளாக நிற்பதைக் காட்ட வேண்டுமென்றால், நண்பர் ஒருவர் ஹேண்ட்போன் விளக்கை வெள்ளைத் தாளுக்குப் பின்னால் பிடித்துப் பக்கவாட்டிலிருந்து காட்டட்டும். நேராக மேலிருந்து அடித்தால் குழியே தட்டையாகிவிடும். அளவு தெரிய வழிகாட்டியின் கை பக்கத்தில் இருக்கட்டும், பூவைத் தொடாமல். ஒரு முழ அகலம் என்பது படத்தில் வேறெப்படியும் தெரியாது.

ராஜா புரூக்: ஆண்கள்தான் ஆற்றோரச் சேற்றிலும் வெந்நீர் ஊற்றுப் பக்கத்திலும் உப்பு உறிஞ்ச இறங்கும். வெயில் ஏறிய பிறகு, ஒன்பது மணிக்கு மேல்தான் வரும், ஆகவே முதலில் காட்டு நடை, திரும்பும் வழியில் ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். கரியநிற இறகில் பச்சை முக்கோண வரிசை. கறுப்பைப் பார்த்துக் கேமரா ஏமாந்து ஒளியை ஏற்றும், பச்சை வெளுக்கும். -0.7 அல்லது -1. உறிஞ்சும்போது 1/500 போதும், பூவில் தேன் குடிக்கும்போது சிறகடித்துக்கொண்டே இருக்கும், 1/1000க்கு மேல். நின்றுகொண்டு மேலிருந்து எடுக்காதீர்கள். மூன்று மீட்டர் முன்பே மண்டியிட்டு, நிழல் அதன்மேல் விழாத பக்கத்திலிருந்து நகருங்கள். ஒன்று எழும்பினால் கூட்டமே எழும்பும், அசையாமல் இருந்தால் திரும்ப அதே இடத்தில் இறங்கும்.

சின்னது எடுக்க: உங்கள் 55-250க்கு முன்னால் மாட்டும் குளோஸ்-அப் லென்ஸ் ஒன்று போதும். ரேனாக்ஸ் டிசிஆர்-250 என்று கேளுங்கள். 8 டையாப்டர் சக்தி, கவ்விப் பிடிக்கும், 52 முதல் 67 மி.மீ. வரை எந்த லென்ஸிலும் மாட்டும். மாட்டியதும் லென்ஸ் முனைக்கும் பூச்சிக்கும் இடையே 12 செ.மீ. போல இருக்கும், அவ்வளவுதான், தூரத்தில் எதுவும் குவியாது. 100 மி.மீ.யில் ஏறக்குறைய உயிரளவு, 250இல் அதுபோல் இரண்டு மடங்கு. 250இலேயே தொடங்காதீர்கள். எஃப்/11 வைத்தாலும் 100இல் கூர்மையாக இருப்பது ஒரு மி.மீ. ஆழம், 250இல் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தானியங்கிக் குவியத்தை அணைத்துவிட்டு, உடம்பை மெல்ல முன்னே பின்னே ஆட்டி, கண் கூர்மையாகும் நொடியில் அழுத்துங்கள். மூச்சை விட்ட பிறகு.

செடியை யாராவது அடையாளம் சொல்ல வேண்டுமென்றால் பூ மட்டும் எடுத்தால் போதாது. முழுச் செடி, இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், தண்டில் இலை எதிரெதிரா மாறி மாறியா, காம்பு தண்டைத் தொடும் இடம், பூ நேராகவும் பக்கவாட்டிலும், காய். பெரணி என்றால் அடிப்பக்கத்து வித்துப் பொட்டு இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. காட்டு இஞ்சி வகைகளின் பூவை மேலே தேடாதீர்கள், பலவும் தண்டின் அடியில் மண்ணை ஒட்டிப் பூக்கும், சருகுக்கு நடுவில் சிவப்பாகத் தெரிந்தால் குனியுங்கள். அசாம் லக்சாவில் போடும் புங்கா காந்தானின் உறவுக்காரர்கள்தான் எல்லாம்.

கடைசியாக என் பைத்தியம் ஒன்று: நீலப் பெரணி. பெரணிக்கு உறவுதான், பெயர் செலாஜினெல்லா வில்டெனோவி. காட்டோரம், ஓடைக்கரை நிழலில் படர்ந்து கிடக்கும். நீலச் சாயம் அதில் துளியும் கிடையாது. இலையின் மேல்தோலில் இருக்கும் மெல்லிய அடுக்கு வெளிச்சத்தைத் திருப்பிவிடுவதால் வரும் நீலம், சோப்புக் குமிழி மாதிரி. அதனால் ஒரு சாண் நகர்ந்தால் வெறும் பச்சையாகிவிடும், திரும்ப வந்தால் நீலம். கேமராவை வைப்பதற்கு முன் தலையை மட்டும் ஆட்டி இடத்தைக் கண்டுபிடியுங்கள். துருவ வடிகட்டி மாட்டியிருந்தால் சுழற்றிப் பாருங்கள், நீலம் மங்கினால் கழற்றிவிடுங்கள். முக்கியமானது: பூப்படத்துக்காரர்கள் போல் தண்ணீர் தெளிக்காதீர்கள். நனைந்தால் நீலம் போய்விடும், காய்ந்தால்தான் வரும். மழைக்குப் பிறகு "இங்கேதானே பார்த்தேன்" என்று தேடுபவர்கள் அதன்மேலேயே நின்று தேடுவார்கள்.

---

ஃப்ளாஷ் வேண்டாம் எழுதியது:

ஃப்ளாஷ் வாங்குவதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வாங்காதீர்கள் என்பது என் கட்சி. பின்புலம் கன்னங்கரேலென்று ஆகி, பட்டப்பகலில் எடுத்தது நள்ளிரவாகத் தெரியும். காளான், பாசி, பெரணிக்கு முக்காலியும் பொறுமையும் போதும். முக்காலி வைக்க முடியாத தாழ்ந்த இடத்துக்குத் துணிப்பையில் ஒரு கிலோ பச்சைப்பயறு போட்டு அதன்மேல் கேமரா. பயற்றை முதலில் பிளாஸ்டிக்கில் கட்டுங்கள், நனைந்தால் இரண்டு நாளில் முளைத்துவிடும்.

---

சிலிம் ரிவர் அண்ணன் எழுதியது:

காளானுக்குச் சரி. ஓடுகிற எறும்புக்கும் குதிக்கிற சிலந்திக்கும் பயற்றுப்பை உதவாதே ஐயா. டிசிஆர்-250 போட்டு எஃப்/11 வைத்தால் காட்டு வெளிச்சம் எந்த மூலைக்கு?

கறுப்புப் பின்புலத்துக்குக் காரணம் ஃப்ளாஷ் இல்லை, எண்கள். தூரம் இரட்டித்தால் ஃப்ளாஷ் வெளிச்சம் நாலில் ஒன்றாகும். பூச்சி 12 செ.மீ.யில், பின்னால் இருக்கும் இலை ஒரு மீட்டரில். ஐஎஸ்ஓ 100, 1/200 வைத்தால் இலைக்கு எதுவும் போய்ச் சேராது. ஐஎஸ்ஓ 800, 1/60, எஃப்/8 என்று வையுங்கள், பின்னால் அரைப் பச்சை தெரியும். கிளையோடு சேர்த்து இலை ஒன்று பூச்சிக்குப் பின்னால் ஒரு சாணில் வருகிற மாதிரி கோணம் பிடித்தால் இன்னும் நல்லது. சக்தியைக் கையால் வைக்கும் சாதாரண மேனுவல் ஃப்ளாஷ் போதும், சக்தி 1/16. அந்தச் சக்தியில் மின்னல் பல ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிதான், அதுவே ஆட்டத்தை உறைய வைத்துவிடும். நொடி 1/200க்கு மேல் போகாதீர்கள், படத்தின் ஒரு பாதி கறுப்புப் பட்டையாகும்.

மென்மையாக்கி இல்லாமல் அடித்தால் வண்டு முதுகில் வெள்ளைப் பொட்டுதான் விழும். சாமான் பொதிந்து வரும் வெள்ளை நுரைத் தாள், ஏ4 அளவு, ஃப்ளாஷ் தலையில் ரப்பர் வளையத்தால் கட்டி லென்ஸ் முனைக்கு மேலே கூரை போல் வளைத்து விடுங்கள். சாப்பாடு தாப்பாவ் (பார்சல்) கட்டும் வெள்ளை டப்பாவை வெட்டியும் செய்யலாம். கூரை பூச்சிக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு மென்மை.

ஆனால் கூட்டிலிருக்கும் பறவைக்கும் ஆந்தைக்கும் ஃப்ளாஷ் அடிக்காதீர்கள், அதில் நான் உங்கள் கட்சி.

---

தாப்பா அக்கா எழுதியது:

சண்டை முடிந்ததா? யாரும் சொல்லாத ஒன்று: கொசு மருந்து. டீட் உள்ள மருந்து பிளாஸ்டிக்கையும் ரப்பர் பிடியையும் கரைக்கும். தெளித்த கையோடு கேமராவைப் பிடித்தால் பிடி பிசுபிசுவென்று ஆகி ரேகை பதிந்து நிற்கும், அது திரும்பப் போகாது. பிக்காரிடின் உள்ளதை வாங்குங்கள், அல்லது புறங்கையில் தெளித்துக் கழுத்தில் தேயுங்கள், உள்ளங்கை சுத்தமாக இருக்கட்டும்.

இரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு, நெருக்கமாக நெய்த முழங்கால் உயர அட்டைக் காலுறை, வெளிர் நிறத்தில். ஏறுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். முக்காலி ஊன்றி ஐந்து நிமிடம் ஒரே இடத்தில் நிற்பவரைத்தான் அது தேடி வரும், முக்காலிக் காலிலும் ஏறும். தோளில் சாய்ப்பதற்கு முன் கால்களைத் துடையுங்கள். காலுக்கு அடிடாஸ் கம்போங், அந்தக் கறுப்பு ரப்பர் சப்பாத்து. ரப்பர்ப் பால் வெட்டுகிறவர்கள் போடுவதுதான், அடியில் முள் முள்ளாக இருக்கும், வழுக்குக் களிமண்ணில் விலை உயர்ந்த சப்பாத்தெல்லாம் அதற்கு ஈடாகாது.

மண்டியிடுவதற்கும் மரத்தில் கை வைப்பதற்கும் முன் ஒரு நொடி பாருங்கள். பிரம்பின் கொக்கி முள் சட்டையைப் பிடிக்கும், ஜெலாத்தாங் இலை பட்டால் நாள்கணக்கில் எரியும். பச்சையாகச் சுருண்டு கிடக்கும் குழிவிரியன் நாள் முழுக்க அசையாது, இலை என்று நினைத்துவிடுவீர்கள். அதை 250 மி.மீ.யில் இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுங்கள், டிசிஆர்-250 அதற்கு இல்லை.

---

கொடிக்காரன் எழுதியது:

அக்கா சொன்னதோடு ஒன்று. பூச்சியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மயங்கவிட்டு எடுக்கச் சொல்லும் குறிப்புகள் சுற்றுகின்றன. கால் மடங்கிக் கிடப்பதிலேயே தெரிந்துவிடும், படமும் கெட்டது, பூச்சியும் கெட்டது. விடியற்காலையில் தானே அசையாமல் இருக்கும், ஏழரைக்குத் தொடங்குவதன் லாபம் அதுவும்தான்.

படத்தை இங்கே போடும்போது இடக் குறிப்பை நீக்கிவிடுங்கள். ஹேண்ட்போன் ஒவ்வொரு படத்திலும் அதை எழுதி வைத்திருக்கும். ஆர்க்கிட் பிடுங்குகிறவனும் இருவாச்சிக் கூட்டைத் தேடுகிறவனும் இதே பக்கங்களைத்தான் படிக்கிறார்கள். இருவாச்சிக் கூட்டின் முன்னால் நிற்கவும் வேண்டாம். பெண் பறவை பொந்துக்குள் அடைபட்டு, இரை வாங்க ஒரு பிளவு மட்டும் விட்டு உட்கார்ந்திருக்கும். ஆள் நின்றால் ஆண் இரையோடு வராது.

ஞாயிறு வரைக்கும் பயிற்சிக்குத் தோட்டமே இருக்கிறது. முற்றின பால்மரத்து நிழலில் 1/125க்கு என்ன ஐஎஸ்ஓ கேட்கிறது என்று பாருங்கள். செம்பனைச் சாலையோரத்தில் கூடுபுழுவைத் தின்னும் பூச்சிகளை இழுக்க டர்னெரா நட்டிருப்பார்கள், மஞ்சள், வெள்ளைப் பூ. காலையில்தான் விரியும், உச்சி வெயிலுக்குள் மூடிக்கொள்ளும். அதில் வரும் குளவியைப் பிடிக்கப் பழகிவிட்டால் உலு கெரோவில் கை நடுங்காது.

---

பீடோர் பையன் எழுதியது:

எழுதி வைத்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று, கூட வருகிற தங்கச்சியிடம் ஹேண்ட்போன் மட்டும்தான். அதற்கு ஏதாவது?

---

தாப்பா அக்கா எழுதியது:

தாராளமாக. திரையில் பூவை அழுத்திப் பிடித்தால் குவியமும் ஒளியும் பூட்டிக்கொள்ளும், பிறகு விரலைக் கீழே இழுத்து ஒளியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், காட்டில் ஹேண்ட்போன் எப்போதும் கூடுதலாகத்தான் வெளுக்கும். விரலால் விரித்துப் பெரிதாக்க வேண்டாம், 2 மடங்கு, 3 மடங்கு லென்ஸ் தனியாக இருந்தால் அதைத் தொடட்டும். அந்த லென்ஸ் இருட்டில் தானாக அணைந்து, பெரிய லென்ஸிலிருந்து வெட்டிக் கொடுக்கும், எனவே விரலால் மறைத்துப் பார்த்து எது வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சட்டைப் பையில் வைத்தால் வேர்வையில் லென்ஸ் மங்கும், ஒவ்வொரு படத்துக்கும் முன் துடைக்க வேண்டும். முக்காலி காலியாக இருக்கும்போது ஹேண்ட்போனையும் அதில் கவ்வ ஒரு பிடி வாங்கிக்கொள்ளுங்கள், ரஃப்லேசியாவுக்கு அதுவே போதும்.

சப்பாத்து வாங்கும்போது அட்டைக் காலுறையைப் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். வழக்கத்தைவிட ஒரு எண் பெரிது வேண்டியிருக்கும்.